வெளிநாட்டில் படிக்கும்போது முகம் தெரியாத தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

படிக்கப் போயிருக்கும் நாட்டில் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது, ஒருநாளும் பார்த்ததில்லை, போய்ப் பார் என்று வீட்டில் நெருக்குகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். அதுவும் ஏதாவது உதவி தேவைப்படுவதற்கு முன்னமே போங்கள். நான் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

2017 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு முதுகலை படிக்கப் போனேன். நான் இருந்தது டோட்முண்ட் நகரில். பக்கத்து ஹம் நகரில் ஒரு மாமா இருந்தார். அம்மம்மாவும் அவருடைய தாயும் ஒன்றுவிட்ட சகோதரிகள். ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை. பல்கலைக்கழகம் தந்த செமஸ்டர் ரிக்கெற்றில் அந்த மாநிலம் முழுக்கச் சுற்றலாம், தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. இருந்தும் போகவில்லை. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த பணத்திலிருந்து அப்போது மாதம் 720 யூரோ வரும். அதில்தான் வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம். இந்த நிலையில் போய் நின்றால் காசு கேட்க வந்திருக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். முகம் தெரியாதவர்களோடு என்னத்தைக் கதைப்பது என்று இன்னொரு கூச்சம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வைபரில் "மாமா வீட்டை போனனியோ?" என்று கேட்பார். "பரீட்சை முடியட்டும் அம்மா" என்பேன். அவர்களுக்கென்று அம்மா கட்டித் தந்த பொதி, மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் சின்ன ஓலைப் பெட்டிகளில் அடைத்த பனங்கட்டிக் குட்டான்களும், என் அலுமாரியில் கிடந்தது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு போனேன். மாமா ஸ்ரேசனுக்கு வந்து நின்றார். கையில் ஒரு தடித்த ஜக்கெற். "ஊரிலையிருந்து வந்த பிள்ளையள் மெல்லிசாத்தான் போட்டுக்கொண்டு திரியுங்கள்" என்று சொல்லி நீட்டினார். பிறகு என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "பெரியம்மாவின்ர நாடி அப்பிடியே இருக்கு" என்றார். என் அம்மம்மா அவருக்குப் பெரியம்மா முறை. அந்த ஒரு சொல்லோடு என் கூச்சத்தில் பாதி போய்விட்டது.

வீட்டில் மாமி பொதியைப் பிரித்தார். முதலில் எடுத்தது மிளகாய்த்தூளை இல்லை, ஒரு பனங்கட்டிக் குட்டானை. நாலு மாதத்தில் பனங்கட்டி இளகி, ஓலையின் மடிப்புகளில் கசிந்து பிசுபிசுத்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமி அதைப் பொருட்படுத்தவே இல்லை. உடைக்காமல், குட்டானை மூக்கடியில் பிடித்து அந்த ஓலை வாசத்தைக் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டு நின்றார்.

சாப்பிட்ட பிறகு மாமா கேட்டார்: "மயிலிட்டி விட்டிட்டாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். உங்கட ஆக்கள் ஆரும் போய்ப் பாத்தவையோ?"

அம்மம்மாவின் ஊரும் மயிலிட்டிதான், யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருக்கிற ஊர். 1990 ஜூனில் சனம் இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 27 வருடம் கழித்து, 2017 ஜூலையில்தான் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதையொட்டிய நிலத்தில் ஒரு பகுதியையும் விட்டார்கள். அடுத்த மாதமே அப்பா அம்மம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் போனில் ஒரு வீடியோ எடுத்தேன், நாலு நிமிடம் வரும். மாமாவுக்குக் காட்டவென்று எடுத்ததில்லை. அவர் கேட்டதும் தற்செயலாக ஞாபகம் வந்தது.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பற்றை, இடிந்த சுவர், ஒரு கிணறு. "இது உங்கட கிணறாக்கும் எண்டு அம்மம்மா சொன்னவ" என்றேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோவை நிறுத்திப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை, இது பக்கத்து வளவு. எங்கட கிணத்துக்கட்டு சதுரம்." வீடியோவைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளினார். பற்றைக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. நான் எடுத்த வீடியோவில் அதை நானே கண்டதில்லை. "உதுதான். உந்த மூலையிலைதான் துலா ஆடுகால் நிண்டது" என்று விரலை அங்கேயே வைத்திருந்தார். போன் திரை இருண்டுவிட்டது. அவர் விரலை எடுக்கவில்லை.

பிறகு எழுந்து போய் ஒரு கடதாசியும் பேனாவும் கொண்டுவந்தார். ஒழுங்கையைக் கீறினார், வளவு வளவாகப் பிரித்து யார் யார் இருந்தார்கள் என்று எழுதினார். மச்சான் அங்கேயே பிறந்தவன், பதினேழு வயது, தமிழ் விளங்கும், பதில் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்தான் வரும். அதுவரை தன் அறைக்குள் இருந்தவன் வந்து தகப்பனின் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். இது யார் வீடு, கடல் எந்தப் பக்கம், நீங்கள் எந்த வழியால் ஓடிப் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மாமி குசினி வாசலில் நின்று மெதுவாக எனக்குச் சொன்னார், "உவன் ஒருநாளும் இப்பிடி இருந்து கேட்டதில்லை."

அந்தக் கடதாசியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அம்மம்மா அழைத்தார். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை, "பூவரசு அந்தப் பக்கம் இல்லையடா, உங்கட படலையடியிலையெல்லோ நிண்டது" என்று நேரே மாமாவோடு வாதாடத் தொடங்கிவிட்டார். 27 வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் கதைத்தது அதுதான் முதல்தரம். அதன்பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை, தாங்களே அழைத்துக் கதைத்தார்கள்.

இதனால்தான் போகச் சொல்கிறேன். நாங்கள் அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் போன கிழமை வரை ஊரில் நின்ற கண் எங்களிடம் இருக்கிறது. புறப்படுமுன் அவர்களுடைய ஒழுங்கை, கோயில், படித்த பள்ளிக்கூடம் இவற்றை ஒருதரம் போய்ப் பார்த்து வீடியோ எடுத்து வையுங்கள். ஏற்கனவே வெளிநாட்டில் இருந்தால் தம்பி தங்கச்சியை அனுப்பி எடுப்பியுங்கள்.

எதைக் கொண்டுபோவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடு என்றால் இறைச்சியும் நெய் போன்ற பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. 2019 டிசெம்பர் முதல் மாம்பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆகவே கறுத்தக்கொழும்பான் ஊரிலேயே இருக்கட்டும். கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். ஊர்ச்சனம் தரும் பொதிகளை உங்கள் கண் முன்னால் பிரித்துக் கட்டினால் மட்டும் வாங்குங்கள்.

முதல்முறை போகும்போது காசு, வேலை, வதிவிடப் பதிவு என்று எதையும் கேட்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காணி, சீதனம், பழைய கடன் என்று எங்கள் சனத்துக்குள் ஆறாத புண்கள் நிறைய உண்டு, எது எங்கே வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் போன முதல் நாளே கோப்பை கழுவினேன். மாமி வேண்டாம் என்றார், ஆனால் இரண்டாம் தரம் போனபோது துடைக்கும் துணியைத் தானே என் கையில் தந்தார்.

எல்லா வீடும் இப்படி இருக்காது. பாரிசில் இன்னொரு உறவு வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, முக்கால் மணி நேரத்தில் "போட்டு வாறன்" என்று எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாமல் எனக்காக விழித்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் மாதிரி நினைத்த நேரம் படலையைத் திறந்துகொண்டு போகாமல், வேலை நேரம் கேட்டு அவர்களுக்கு ஓய்வான நாளில் போங்கள்.

கடைசியாக, போனில் அழைக்குமுன் அவர்கள் உங்களுக்கு என்ன முறை என்று வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். அங்கிள், ஆன்ரி என்று தொடங்க வேண்டாம். உங்கள் பெயரையும் முதலில் சொல்லாதீர்கள், அது அவர்களுக்குத் தெரியாது. "மயிலிட்டி இன்னாற்றை பேத்தி கதைக்கிறன் மாமா" என்று அம்மம்மாவின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.