ராத்திரி 11 மணிக்குத் தேதியை மாற்றாதீர்கள்

கேள்வி: முதன்முறையாக ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கப் போகிறேன். ஒரே மாடல் தேதியோடும் தேதி இல்லாமலும் கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் கட்டுவேன். எதை எடுக்கலாம்?

பதில்: தேதி இல்லாததை எடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச். சாதாரண ஆட்டோமேட்டிக் ஒன்று முழுச் சாவியில் 40 மணி நேரம் சுமாராக ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தால் ஞாயிறு மத்தியானத்துக்குள் நின்றுவிடும், திங்கள் காலை அவசரமாகக் கிளம்பும்போது நேரத்தையும் வைத்து, தேதியையும் தேடித் திருப்பி, அது பகல் 12-ஆ இரவு 12-ஆ என்றும் பார்க்க வேண்டும். தேதி இல்லையென்றால் நேரத்தை மட்டும் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடலாம். தினமும் ஒரே வாட்சைக் கட்டுகிறவர் என்றால் தேதி உள்ளதையே வாங்கச் சொல்வேன், பழகிவிட்டால் அது இல்லாமல் கை ஓடாது. ஆனால் அவருக்கும் வருஷத்துக்கு ஐந்து தடவை வேலை உண்டு. சாதாரணத் தேதிச் சக்கரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான், அதனால் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்ததும் கையால் தள்ளியாக வேண்டும். 30, 31 வித்தியாசம் தெரிந்த வாட்சுகளும் உண்டு, லீப் வருஷம்வரை கணக்கு வைப்பவையும் உண்டு. விலையும் சர்வீஸ் செலவும் எங்கோ போகும், முதல் வாட்சுக்கு அது வேண்டாம்.

வாங்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். தேதி இல்லாத மாடலின் பக்கவாட்டில் நேரம் வைக்கும் திருகு இருக்கும், அதை மெதுவாக இழுங்கள். நேரம் வைக்கும் நிலைக்கு முன்னால் நடுவில் ஒரு ‘க்ளிக்’ வந்தால், உள்ளே இருப்பது தேதி எந்திரம், டயலில் மட்டும் தேதி தெரியும் ஜன்னல் வெட்டவில்லை என்று அர்த்தம். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் தெரிந்து வாங்குவது நல்லது.

கேள்வி: இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியை மாற்றக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. உண்மையிலேயே கெட்டுப்போகுமா?

பதில்: போகும். எனக்கே நடந்திருக்கிறது. படுக்கப் போகும்போது, 11 மணி இருக்கும், திருகை இழுத்துத் தேதியைத் தள்ளினேன். இரண்டு எண் சுலபமாக நகர்ந்தது, மூன்றாவதில் விரலுக்கு ஒரு சின்ன இறுக்கம் தெரிந்தது, அதை மீறித் திருகினேன். காலையில் பார்த்தால் ஜன்னலில் 14-ன் கீழ்ப்பாதியும் 15-ன் மேல்பாதியும் நிற்கிறது. பழுது பார்க்கிறவர் பின்மூடியைத் திறந்து, எந்திரத்தை வெளியே எடுத்து, டயலைக் கழற்றியபோது ஒரு மிளகளவுகூட இல்லாத உலோகத் துண்டு உதிர்ந்தது. அந்த இறுக்கம் தெரிந்ததுமே விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

டயலுக்கு அடியில் எண்கள் அச்சடித்த ஒரு வளையம் இருக்கிறது, அதன் உள்விளிம்பில் 31 பற்கள். ஒரு சின்ன ஸ்பிரிங் பற்களுக்கு நடுவே விழுந்து எண்ணை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து வைக்கும். சின்ன முள் நாளுக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது அல்லவா, அதிலிருந்து வேகத்தைப் பாதியாக்கி 24 மணிக்கு ஒரே சுற்று சுற்றும் இன்னொரு சக்கரத்தை ஓட்டுகிறார்கள். அதில் விரல் மாதிரி ஒரு நீட்டல் இருக்கும். நள்ளிரவுக்குச் சில மணி நேரம் முன்பே அந்த விரல் பல்லைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் வேறு பக்கத்திலிருந்து வளையத்தைத் திருப்பினால், பல் போய் விரலில் மோதும். விரல் வளைந்து கொடுக்கும்படி செய்த எந்திரங்களும் இருக்கின்றன, ஆனால் உங்களுடையது அப்படித்தான் என்று கையேடு சொல்லாதவரை நம்ப வேண்டாம்.

வழி சுலபம்தான். நின்றுபோன வாட்சை எடுத்தால் முட்களை முன்னோக்கித் திருப்பி இரண்டையும் கீழே, 6:30-க்குக் கொண்டுவாருங்கள். காலையோ மாலையோ, எதுவானாலும் அங்கே ஆபத்து இல்லை. தேதியை நேற்றைய தேதியில் வையுங்கள். அப்புறம் முட்களை முன்னோக்கியே திருப்பி, தேதி இன்றைக்கு மாறுவதைக் கண்ணால் பாருங்கள். அதுதான் நள்ளிரவு, அங்கிருந்து சரியான நேரத்துக்குப் போங்கள், பிற்பகல் என்றால் 12-ஐ இன்னொரு தடவை தாண்டி.

கேள்வி: புது வாட்சில் தேதி எண் ஜன்னலில் கொஞ்சம் கீழே இறங்கித் தெரிகிறது. பழகிவிடுமா?

பதில்: பழகாது, தினமும் கண்ணில் குத்தும். மாற்றிக் கேளுங்கள். அடுத்த தடவை வாங்கும்போதே பகல் நேரத்தில் முட்களை 6:30-க்கு வைத்துக்கொண்டு 31 எண்ணையும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: எனக்குக் கை நிறைய வியர்க்கும். தோல் ஸ்ட்ராப் ஆறு மாதத்தில் நாறிவிடுகிறது. நைலானா, ரப்பரா, ஸ்டீல் செயினா?

பதில்: வியர்க்கிற கைக்குத் தோல் வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்ல தோலானாலும் வியர்வையை உறிஞ்சிக் கறுத்துப்போகும். ரப்பர்தான் என் முதல் தேர்வு. அதில் சிலிக்கோன் மலிவு, ஆனால் தூசியும் நூலும் ஒட்டும், ஃப்ளோரோ ரப்பர் விலை கூட, கழுவினால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

நைலானில் ‘நேட்டோ’ என்று விற்கும் ஒரே நீளப் பட்டை, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-ல் தன் படையினருக்காக வரையறுத்த ஸ்ட்ராப்பின் வழியில் வந்தது. வாட்சின் அடியில் நுழைந்து போவதால் ஒரு பக்க ஸ்பிரிங் பின் (ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடிக்கும் சின்னக் கம்பி) தெறித்தாலும் வாட்ச் கீழே விழாது, மறு பக்கத்தில் தொங்கும். அதே காரணத்தால் வாட்சை மணிக்கட்டிலிருந்து தூக்கியும் விடும். 13 மில்லிமீட்டர் கனமுள்ள ஆட்டோமேட்டிக்கில் போட்டால் சட்டைக் கை மேலே ஏறாது. மெல்லிய வாட்சுக்கு அருமையாக இருக்கும்.

எதை வாங்கினாலும் அளவை நீங்களே எடுங்கள். பழைய ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் பின் உட்காரும் இரண்டு கொம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும், டயலை அல்ல. பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டர், நடுவில் 19, 21-ம் உண்டு. 21-க்கு 20 போட்டால் இரு பக்கமும் ஆடும், ஸ்பிரிங் பின் பளபளவென்று வெளியே தெரியும். பின்களையும் கூடவே புதுசாகப் போடுங்கள், வியர்வை முதலில் தின்பது அதைத்தான்.

ஸ்டீல் செயின் ஆசை என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். செயினின் முனைத் துண்டு வாட்சின் வளைவோடு பொருந்த வேண்டும், வெறும் ‘20 மில்லிமீட்டர்’ என்று போட்டு வருவது பொருந்தாது. கொக்கியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள், வெயிலில் மணிக்கட்டு உப்பும்போது ஒரு முழுக் கண்ணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது.