பேசி முடித்த காசு கை மாறவில்லை என்றால்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். பழைய காசு சேர்ப்பது என் வழக்கம். போன மாதம் ஒருவரிடம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்க் காசு 25 வாங்க விலை பேசி முடித்து, 2,000 ரூபாய் ஜிபே-யில் அட்வான்ஸ் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னவர், சனிக்கிழமை ராத்திரி பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வேற பார்ட்டி கூட விலைக்குக் கேக்கறாங்க, சாரி சார்" என்று முடித்துவிட்டார். இந்த மாதம் நானே 1911-ஆம் ஆண்டு ரூபாய்க் காசு ஒன்றை விற்கப் போனேன். ஒருவர், "8,000-க்கு கன்ஃபார்ம் சார், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார். அவரை நம்பி, கேட்டு வந்த இருவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "சம்பளம் வரட்டும்" என்றவரிடமிருந்து இப்போது பதிலே இல்லை. ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. அட்வான்ஸ் எதுவும் வாங்கவில்லை. இவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா? நான் இந்தக் காசை வேறொருவருக்கு விற்றால், வாக்குத் தவறியவன் ஆகிவிடுவேனா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாக விற்கலாம், வாக்குத் தவறியவர் ஆகமாட்டீர்கள். ஆனால் விற்பதற்கு முன் அந்த மனிதருக்கு ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். அதன் வாசகத்தைக் கீழே தருகிறேன்.

"எழுத்தில் எதுவும் இல்லையே, அட்வான்ஸும் வாங்கலையே, அப்புறம் எப்படி ஒப்பந்தம் ஆகும்?" என்று பலர் கேட்கிறார்கள். ஆகும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, வாய்ப்பேச்சில் முடித்த விற்பனையும் விற்பனை ஒப்பந்தமே. பணத்தையும் பொருளையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசியிருந்தாலும் அப்படித்தான். இன்ன காசு, இன்ன விலை என்று ஒருவர் சொல்லி, மற்றவர் நிபந்தனை எதுவும் போடாமல் சரி என்று சொல்லிவிட்டால் இருவருமே கட்டுப்பட்டவர்கள். அட்வான்ஸ் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு சாட்சி. அது இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகாது.

ஆனால் எல்லா 'சரி'யும் ஒரே மாதிரி 'சரி' அல்ல. நம் வட்டாரத்தில் நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை தொடங்கும் இடம் இதுதான். "கன்ஃபார்ம், எடுத்துக்கிறேன்" என்பது சம்மதம். "நேர்ல பார்த்துட்டு எடுத்துக்கிறேன்" என்பது நிபந்தனையோடு கூடிய சம்மதம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதிலேயே இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்காக வெச்சிருங்க" என்பது சம்மதமே இல்லை, அவகாசம் கேட்பது. விற்பவர் அதற்குத் தலையாட்டியிருந்தாலும், அந்த அவகாசத்துக்கென்று பணம் எதுவும் வாங்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமையே மனம் மாறலாம். நீங்கள் சம்மதம் சொல்லும் முன் அதை உங்களுக்குத் தெரிவித்துவிட்டால் போதும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அவருக்கு அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. அதனால்தான் சிறு தொகையாவது கொடுத்து, "ஞாயிறு மாலை 6 மணி வரை காசை நிறுத்திவைக்க இந்த 500 ரூபாய்" என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன். எதற்காகக் கொடுத்தது என்று சொல்லாமல் அனுப்பும் பணம் பின்னால் இரண்டு பக்கமும் சண்டைக்குத்தான் வழி.

சென்ட்ரல் பக்கத்துப் பழைய மூர் மார்க்கெட், 1985-இல் தீக்கிரையாவதற்கு முன், காசு வாங்குகிறவர்கள் தேடிப் போகும் இடமாக இருந்தது. பேரம் படிந்த அதே நிமிடம் பணம் இந்தக் கையிலிருந்து போகும், காசு அந்தக் கைக்கு வரும். மனம் மாற இடைவெளியே கிடையாது. இன்று போட்டோ பார்த்துச் சரி சொல்வதற்கும், எழும்பூர் மெட்ரோ வாசலிலோ கூரியரிலோ காசு கைக்கு வருவதற்கும் நடுவே நாலைந்து நாள் ஓடிவிடுகிறது. அந்த நாலைந்து நாளில் வெள்ளி விலை ஏறும், இன்னொரு பார்ட்டி வரும், வீட்டில் செலவு வரும். ஆகவே அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவைப்பதே முக்கியமான வேலை.

இனி உங்கள் 25 வெள்ளி ரூபாய் விஷயம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 25 காசு என்றால் சுத்த வெள்ளி மட்டுமே ஏறத்தாழ 267 கிராம். எளிதில் கிடைக்கும் ஆண்டுகளின் காசுகள் பெரும்பாலும் உலோக விலையை ஒட்டியே விற்கின்றன. 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறியது போன்ற நேரங்களில், திங்கட்கிழமை பேசிய விலை சனிக்கிழமைக்குள் விற்பவருக்குக் கசந்துவிடும். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் செய்தது ஒப்பந்த மீறல்தான். விலை இறங்கியிருந்தால் பேசிய தொகையை உங்களிடம் கேட்டுத்தான் வாங்கியிருப்பார்.

இதில் சட்டத்தின் நுட்பம் ஒன்று உண்டு. அவர் 25 காசையும் பரப்பி வைத்துப் போட்டோ அனுப்பி, அந்த 25-ஐத்தான் பேசியிருந்தால், அவை குறிப்பிட்ட பொருள்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நிபந்தனை இல்லாமல் பேச்சு முடிந்த அந்த நிமிடமே அவை உங்களுடையவை ஆகியிருக்கலாம், பணம் பாக்கி இருந்தாலும்கூட. தன்னிடம் உள்ள 200 காசிலிருந்து ஏதோ 25 எடுத்துத் தருகிறேன் என்றிருந்தால், பிரித்து எடுத்து வைக்கும்வரை எதுவும் உங்களுடையதல்ல. முதல் வகையாகவே இருந்தாலும், விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கிப்போன அந்த இரண்டாவது பார்ட்டியிடம் போய்க் காசைக் கேட்க முடியாது. 30-ஆவது பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. உங்கள் வழக்கு விற்றவரோடு மட்டும்தான்.

அவரிடம் எவ்வளவு கேட்கலாம்? பேசிய விலைக்கும், காசு கைக்கு வரவேண்டிய அந்த ஞாயிறன்று சந்தையில் இருந்த விலைக்கும் உள்ள வித்தியாசம். காசுக்கு 300 ரூபாய் கூடியிருந்தால் 7,500 ரூபாய். மனவருத்தத்துக்கோ அலைச்சலுக்கோ பெரிதாக எதுவும் கிடைக்காது. பணம் திரும்பி வந்தபோது நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று தேடிப் பாருங்கள். "பரவால்ல சார்" என்று போட்டிருந்தால், ஒப்பந்தத்தைக் கைவிட நீங்களும் சம்மதித்ததாக அவர் சொல்லலாம். அந்த வாதம் எடுபடவும் கூடும். இனி இப்படி நேர்ந்தால், "பணம் வந்தது. ஆனால் ரத்து செய்ய நான் சம்மதிக்கவில்லை, பேசியபடி காசு வேண்டும்" என்று அன்றே எழுதிவிடுங்கள்.

அந்தக் காசையே கொடுக்க வைக்க முடியாதா என்றால், 58-ஆவது பிரிவில் அதற்கு இடம் உண்டு. வேறெங்கும் கிடைக்காத காசு என்றால் அந்தக் கோரிக்கைக்கு வலு இருக்கும். சாதாரண ஆண்டு ரூபாய்க்காக அந்த வழியில் போகச் சொல்லமாட்டேன்.

அடுத்து உங்கள் 1911 ரூபாய். காசு சேர்ப்பவர்களுக்கு இதன் கதை தெரியும். அரசரின் அங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்ப, வெளியிடாமல் இருந்த பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் திருத்திய உருவத்தோடு அச்சடித்தார்கள். இன்றும் 'பன்றி ரூபாய்' என்று கேட்டு வருபவர்கள் இருப்பதால், உங்கள் காசு கையோடு தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம்.

அந்த மனிதருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: "சார், என் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை 8,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக உறுதி சொன்னீர்கள். பணம் இதுவரை வரவில்லை. வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் முழுத் தொகையும் வந்தால் காசு உங்களுக்கே. வராவிட்டால் வேறொருவருக்கு விற்றுவிடுவேன். குறைந்த விலைக்குப் போனால் வித்தியாசத்தை உங்களிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டு."

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பணம் வராத விற்பனையாளர் மறுபடி விற்பதைப் பற்றி 54-ஆவது பிரிவு பேசுகிறது. அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசமும் விட்டு விற்றால், 6,500-க்குப் போனாலும் பாக்கி 1,500-ஐக் கேட்கலாம். 9,000-க்குப் போனால் கூடுதல் முழுவதும் உங்களுக்கே. அறிவிப்பு இல்லாமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது, லாபம் வந்தால் அதைக் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி இதை மாற்றுகிறது.

முதல் பேச்சிலேயே கெடு வைத்திருந்தால் இந்தக் காத்திருப்பே இருந்திருக்காது. பணம் தரவேண்டிய தேதியை வெறுமனே சொன்னால் போதாது. அந்தத் தேதி தவறினால் ஒப்பந்தமே முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாமதம் மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்காது என்பதுதான் 11-ஆவது பிரிவின் பொதுவிதி. "வெள்ளி இரவுக்குள் பணம் வரலைன்னா இந்தப் பேச்சு ரத்து" என்ற ஒரு வரி போதும்.

வாங்குபவர் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. காசைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பவரை எல்லாம் பேச்சு மாறியவர் என்று திட்டுகிறோம். அது தவறு. 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் என்று சொல்லி ஒரு காசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிய காசு, போலியும் ஏராளம். வாங்குபவர் முதலில் தராசில் வைக்கிறார், 11.66 கிராமை ஒட்டி வரவேண்டியது 10.9 காட்டுகிறது. குறுக்களவு 30.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று காலிபரில் பார்க்கிறார். லென்ஸை எடுத்து ஆண்டெண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்கிறார். அதைச் சுற்றி மட்டும் காசின் சமதளம் சுரண்டிய மாதிரி இருக்கிறது. பக்கவாட்டு விளிம்பில், உருக்கி ஊற்றிய போலியைக் காட்டிக்கொடுக்கும் வார்ப்பு மூட்டு தெரிகிறது. அவர் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தால் அது முழுக்க முழுக்க அவருடைய உரிமை. சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை மறுக்கலாம், பரிசோதிக்க நியாயமான வாய்ப்பும் கேட்கலாம். பாலிஷ் போட்ட காசை 'ஒரிஜினல் லஸ்டர்', அதாவது அச்சடித்தபோது இருந்த பளபளப்பு, என்று விற்றாலும் அப்படித்தான். ஆனால் காசு சொன்னபடியே இருந்து, "வேற இடத்துல கம்மியா கிடைக்குது" என்று எழுந்து போனால் அது பின்வாங்கல்.

அட்வான்ஸைப் பறிமுதல் செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் பின்வாங்கினால் முழு அட்வான்ஸும் தனக்கே என்று விற்பவர் நினைக்கிறார். 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: முன்பே பேசிய தொகையாக இருந்தாலும், நஷ்டமே இல்லாதபோது அதை விழுங்க முடியாது, நியாயமான ஈடுதான் கிடைக்கும். நீங்கள் விற்பவராக இருக்கும்போது, "பின்வாங்கினால் 500 திரும்பாது" என்று நியாயமான தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். பாதி விலையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு அதைப் பிடித்து வைத்தால் அது நிற்காது. விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு தரவேண்டும் என்பதும், அப்படிப் பேசியிருந்தால் ஒழிய, தானாக வருவதில்லை.

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வாக்கு மாறியது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒரே காசைக் காட்டிப் பலரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால், யாருடைய போட்டோவையோ தன்னுடையது என்று அனுப்பியிருந்தால், பணம் வாங்கியதும் நம்பரை மாற்றியிருந்தால், அது வேறு. உடனே இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. உங்கள் இரண்டு சம்பவங்களும் அந்த வகை இல்லை, சிவில் விவகாரங்கள். கோபத்தில் அவர்களுடைய போட்டோவையும் நம்பரையும் போட்டு 'ஃபிராடு' என்று பரப்பிவிடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

7,500 ரூபாய்க்குச் சிவில் வழக்கு போட்டால் செலவு அதைத் தாண்டும். மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது என்பதால் அவசரமும் இல்லை. எழுத்தில் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கப் பாருங்கள். எதிர்த் தரப்பும் சம்மதித்தால்தான் அங்கே முடியும். ஆனாலும் ஆணைக்குழுவிலிருந்து ஒரு கடிதம் போனாலே பேச முன்வருபவர்கள் உண்டு. அதுவரை உரையாடலை அழிக்காதீர்கள், தானாக மறையும் செய்தி வசதியை அணைத்துவையுங்கள், போனை மாற்றினால் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழோடுதான் போக வேண்டும்.

உங்கள் காசு நூறு வருடம் தாண்டியது என்பதால் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். சேகரிப்பிலிருந்து எப்போதாவது ஒன்றை விற்பது வேறு. தொழிலாக வாங்கி விற்றால் உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது நல்ல விலை பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதேபோல் மண்ணில் தோண்டி எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் அதற்கு விலையே பேசாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்துப் பேசிய ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் காப்பாற்றாது.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பணம் வராவிட்டால், நீங்கள் திருப்பி அனுப்பிய அந்த இருவரையும் அழைத்து, பேசியவர் எடுக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். யார் முதலில் நேரில் வந்து பார்த்துப் பணம் கொடுக்கிறாரோ அவருக்குக் கொடுங்கள். இந்த முறை காசின் இரு பக்கப் படம், எடை, விலை, கெடு எல்லாவற்றையும் ஒரே செய்தியில் போட்டு, "சம்மதம்" என்று அவர் எழுதிய பிறகு நாள் குறியுங்கள்.