கையால் ஓட்டச் சொன்னால்: சிமுலேட்டர் தேர்வு, வாசகர் கேள்விகள்

கேள்வி: சி.பி.எல். (வணிக விமானி உரிமம்), ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) இரண்டையும் முடித்து ஒரு வருடமாகிறது. இப்போது ஒரு விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், திருச்சி)

எண்களிலிருந்து தொடங்குங்கள். இடைவெளி விழுந்தால் முதலில் மங்குவது அவைதான். க்யூ.ஆர்.எச். என்ற அவசரக் கையேட்டில் வேகமானியை நம்ப முடியாத நிலைக்கான பகுதியைத் திறந்தால், எடைக்கும் ஃபிளாப்புக்கும் (இறக்கையில் இறக்கும் தகடு) ஏற்ப எவ்வளவு பிட்ச் (மூக்கின் கோணம்), எவ்வளவு என்1 (என்ஜின் விசிறியின் வேகம், சதவீதத்தில்) என்று அட்டவணை இருக்கும். அதிலிருந்து ஆறேழு வரிகளை எழுதி மனப்பாடம் செய்யுங்கள். கூடவே மெமரி ஐட்டமும் (கையேட்டைப் பார்க்காமல் உடனே செய்ய வேண்டியது): டேக் ஆஃபுக்குப் பின் த்ரஸ்ட் (என்ஜின் உந்துவிசை) குறைக்கும் உயரத்துக்குக் கீழே 15 டிகிரி பிட்ச், டோகா (முழு த்ரஸ்ட்), அதற்கு மேல் 10 டிகிரி, க்ளைம்ப் (மேலேறும் த்ரஸ்ட்), 10,000 அடியைத் தாண்டிவிட்டால் 5 டிகிரி, க்ளைம்ப்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் டேக் ஆஃப், ரேடார் வெக்டர் (கட்டுப்பாட்டாளர் சொல்லும் திசையில் பறப்பது), ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது), 45 டிகிரி ஸ்டீப் டர்ன் (சாய்ந்த திருப்பம்), ஐ.எல்.எஸ். (ரேடியோ சிக்னலைப் பிடித்து ஓடுபாதைக்கு இறங்குவது), கோ அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுவது), ஒரு என்ஜின் பழுது ஆகியவற்றில் இருந்துதான் பெரும்பாலும் எடுப்பார்கள். ஸ்டீப் டர்னில் ஒரு எச்சரிக்கை. 33 டிகிரி சாய்வு வரை ஏ320 தானே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் மூக்கைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ட்ரிம் நின்றுவிடும், சைட் ஸ்டிக்கை நீங்கள்தான் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்குத்தான் திருப்பத்தில் உயரம் நழுவுகிறது.

கேள்வி: ஆட்டோபைலட், ஃபிளைட் டைரக்டர் (எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் கோடுகள்), ஆட்டோ த்ரஸ்ட் (த்ரஸ்டைத் தானே கூட்டிக் குறைப்பது) மூன்றையும் அணைத்துவிட்டு ஐ.எல்.எஸ். ஓட்டினால் என் விமானம் இடமும் வலமுமாக அலைகிறது. வேகமும் நிற்பதில்லை. (வாசகர், மதுரை)

அலைச்சல் பெரும்பாலும் ஆட்டோ த்ரஸ்டை அணைக்கும் நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. த்ரஸ்ட் லீவர்கள் க்ளைம்ப் பள்ளத்தில் (லீவர் பதிந்து நிற்கும் இடம்) இருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்தினால், என்ஜின் உடனே லீவர் நிற்கும் இடத்துக்குரிய த்ரஸ்டுக்கு ஏறும். மூக்கு எழும்பும், வேகம் ஓடும், அதைச் சரிசெய்வதற்குள் லோக்கலைசர் (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். சிக்னல்) கை நழுவிவிடும். முதலில் லீவர்களை மெல்லப் பின்னால் கொண்டுவாருங்கள். என்1 வட்டத்தில் லீவர் நிலையைக் காட்டும் சிறு வளையம் ஊசியின் மேல் வந்து உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்தது பார்வை. லோக்கலைசர் புள்ளியைத் துரத்தாதீர்கள். ஹெடிங் பட்டையில் ஒரு பச்சை வைரக்குறி இருக்கிறதே, அதுதான் காற்றையும் கணக்கில் சேர்த்து நீங்கள் உண்மையில் போகும் திசை. அதை ஐ.எல்.எஸ். கோர்ஸ் கோட்டின் மேல் வையுங்கள். புள்ளி விலகினால் வைரத்தை இரண்டு மூன்று டிகிரி நகர்த்தி, புள்ளி நகரத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள்.

ஃபிளாப் முழுவதும் இறக்கி 3 டிகிரி சரிவில் வரும்போது பிட்ச் ஏறக்குறைய 3 டிகிரி, என்1 50-க்கும் 55-க்கும் நடுவில் இருக்கும். அங்கே வைத்துவிட்டு அதிலிருந்து சிறுசிறு திருத்தம் செய்யுங்கள். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்கு வேகம் கிடைக்கும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. அந்த வேகத்தில் பிட்சை 1 டிகிரி மாற்றினால் இறங்கு வேகம் சுமார் 250 அடி மாறும். கிளைட் ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் ஐ.எல்.எஸ். சிக்னல்) அரைப் புள்ளி விலகினால் அந்த 1 டிகிரியே போதும், பலர் 3 டிகிரி மாற்றிவிட்டு மறுபக்கம் தாண்டிப் போகிறார்கள். அப்ரோச் வேகத்தை 10 நாட் மிஞ்சினாலோ 5 நாட் குறைந்தாலோ பக்கத்தில் இருப்பவர் "ஸ்பீட்" என்பார். அதற்கு முன்பே நீங்களாகச் சொல்லித் திருத்தினால் தேர்வாளர் குறித்துக்கொள்வது உங்கள் விழிப்பைத்தான்.

கை முழங்கையோடு ஆடினாலும் இதே அலைச்சல் வரும். ஆர்ம்ரெஸ்டை முழங்கை முழுதாகப் படியும் அளவுக்கு உயர்த்தி, மணிக்கட்டால் மட்டும் ஸ்டிக்கை அசையுங்கள். ஆர்ம்ரெஸ்டின் எண் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் முன்கண்ணாடியின் நடுக் கம்பத்திலுள்ள சிவப்பு உருண்டை வெள்ளை உருண்டையை மறைக்கும்படி இருக்கையைச் சரிசெய்தால் கண்ணின் உயரமும் சரியாகிவிடும்.

கேள்வி: டேக் ஆஃபில் என்ஜின் நின்றால் என்ன வரிசை? பதற்றத்தில் குழம்பிவிடுகிறேன். (வாசகி, கோவை)

வி1 (அதற்கு மேல் டேக் ஆஃபை நிறுத்தக் கூடாத வேகம்) தாண்டிவிட்டால் ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காலால் பிடியுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். ரோட்டேட் செய்யும்போது (மூக்கைத் தூக்கும்போது) 15 அல்ல, 12.5 டிகிரி, அதையும் அவசரமில்லாமல். மேலே போனதும் திரையில் பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் நீல நிற பீட்டா டார்கெட்டை ரடரால் (காலால் இயக்கும் வால் சுக்கான்) நடுவில் கொண்டுவாருங்கள். சாய்வை ஸ்டிக்காலேயே சமாளித்தால் ஸ்பாய்லர் எழும்பி, ஏறும் திறனைத் தின்றுவிடும். பாசிட்டிவ் க்ளைம்ப், கியர் அப், ரடர் ட்ரிம், பிறகு ஆட்டோபைலட். 400 அடிக்குக் கீழே இசிஏஎம் (பழுதையும் செய்ய வேண்டியதையும் காட்டும் திரை) வேலை எதுவும் கிடையாது. எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: என் மகள் வீட்டுக் கணினியிலேயே பயிற்சி செய்கிறாள். பயன் உண்டா? (ஒரு தந்தை, நாகர்கோவில்)

நிச்சயம் உண்டு. ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் வேறு என்பதால் கைப்பழக்கம் அப்படியே வராது. ஆனால் பார்வை ஓடும் வரிசையும் காலவுட்டும் (வாய்விட்டுச் சொல்லும் அறிவிப்புகள்) அப்படியே வரும். முதல் அதிகாரிக்கு வலது இருக்கை என்பதால் ஸ்டிக் வலது கையிலும் த்ரஸ்ட் லீவர் இடது கையிலும் இருக்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செஸ்னாவின் இடது இருக்கையில் பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

கோ அரவுண்டை மட்டும் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். லீவர்களை டோகா வரை முழுதாகத் தள்ள வேண்டும். ஒரு பள்ளம் முன்னாலேயே நிறுத்திவிட்டால் கோ அரவுண்ட் மோடு வராது, கணினி இன்னும் தரையிறங்குவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எஃப்.எம்.ஏ.வை (எந்த மோடு இயங்குகிறது என்று திரையின் மேலே காட்டும் வரி) படித்து உறுதி செய்தபின் "பாசிட்டிவ் க்ளைம்ப்", "கியர் அப்". த்ரஸ்ட் அதிகமாகத் தோன்றினால், மோடு வந்த பிறகு க்ளைம்ப் பள்ளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.