பிளக் மிஸ் அடித்தால் பில் யார் தலையில்?

கேள்வி: என் மகள் வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சி எடுக்கிறாள். செஸ்னா 152 என்கிற சின்ன விமானம். அடிக்கடி ‘மேக் டிராப்’ என்று சொல்லி, ஓடுபாதைப் பக்கம் வரை போய்விட்டுப் பறக்காமலே திரும்பிவிடுகிறார்கள். பிளக் அடைப்பாம். ஆனால் இன்ஜின் ஓடிய நேரத்துக்குப் பணம் பிடிக்கிறார்கள். இது நியாயமா? நான் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். நல்ல பிளக்காக நானே வாங்கிக் கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: திரும்பி வந்ததற்காகப் பள்ளியைக் கோபிக்காதீர்கள். அந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி). கிளம்பும் முன் 1700 ஆர்.பி.எம்.மில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார்கள். அப்போது இன்ஜின் வேகம் 125 ஆர்.பி.எம்.முக்கு மேல் இறங்கக்கூடாது; இந்த இறக்கம்தான் ‘மேக் டிராப்’. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. தாண்டினாலோ, இன்ஜின் உதறினாலோ மேலே போகாமல் இருப்பதுதான் சரி.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோல்தான். 100 எல்.எல். என்கிற விமான பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். இன்ஜின் சூடாக ஓடினால் ஈயம் புகையோடு போய்விடும். வரிசையில் காத்துக்கொண்டு மெதுவாக ஓடும்போது சூடு போதாது. ஈயம் பிளக்கின் குழிக்குள் கடுகு மாதிரி சாம்பல்நிற மணிகளாக உட்கார்ந்துவிடும். மிக்சரை (பெட்ரோல்–காற்றுக் கலவையை) முழு ரிச்சில், அதாவது பெட்ரோல் கூடுதலாக விட்டால் கரியும் சேரும். கீழ்ப்பக்கத்து பிளக்குகள்தான் முதலில் மாட்டும்.

ஆகவே இதில் ஓட்டும் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. தரையில் மிக்சரைக் குறைத்து வைப்பது, 1000–1200 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுத்துக்கொண்டு நிற்காமல் இருப்பது, அணைக்கும் முன் 1800இல் சில விநாடி ஓட விடுவது. இதையெல்லாம் சொல்லித்தருகிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். லேசான அடைப்பு என்றால் மிக்சரைக் குறைத்து வேகத்தைக் கூட்டி எரித்துவிடவும் முடியும். ஒரே விமானம் திரும்பத் திரும்ப இப்படி நின்றால் அது மாணவியின் கைப்பிழை இல்லை. பிளக்கை எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார்கள், இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்று பள்ளியிடம் கேட்க வேண்டியதுதான்.

இப்போது பில். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டர் கணக்கா, இன்ஜின் சுற்றுகளை வைத்து நேரம் காட்டும் டாக்கோமீட்டர் கணக்கா, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக் நேரமா? சேர்க்கும்போது கையெழுத்திட்ட தாளில் எது இருக்கிறதோ அதுதான் பேசும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பறக்காமல் திரும்பிய நேரம் அந்தக் கணக்கில் வராது. விமானத்தின் கோளாறுக்கு மாணவி ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், ‘கோளாறால் ரத்தானால் கட்டணம் இல்லை’ என்ற வரியையும் எழுத்திலேயே வாங்குங்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் இருப்பதால், அந்தத் தாள்தான் உங்களுக்குப் பலம்.

பிளக் வாங்கிக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் கடைச் சரக்கு அங்கே செல்லாது. சான்றோடு வந்த உதிரிபாகத்தை லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்தான் மாட்ட வேண்டும். கை தவறிக் கீழே விழுந்த பிளக்கைக்கூடத் தூக்கிப்போடுகிற தொழில் அது. இரிடியம் முனை பிளக் சீக்கிரம் அடைக்காதுதான், ஆனால் விலை பல மடங்கு. அது பள்ளியின் செலவு.

கேள்வி: கொடிக்காலுக்கு மருந்தடிக்க வாங்கிய புது டூ-ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயரில் பிளக் அடிக்கடி கறுத்து நின்றுவிடுகிறது. ‘பிளக்குக்கு வாரண்டி இல்லை’ என்கிறார் கடைக்காரர்.
– ஒரு விவசாயி, சோழவந்தான்

பதில்: பிளக்குக்கு வாரண்டி இருக்காதுதான்; பிளக்கைக் கறுக்கவைக்கும் கார்புரேட்டருக்கு இருக்குமே! முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் கூடுதல். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக் திறக்கப்படவில்லை. இவை சரியாக இருந்தும் கறுத்தால், மெஷினைக் கடையில் விட்டுத் தேதி போட்ட ஜாப் கார்டு (பழுது பார்க்க விட்டதற்கான சீட்டு) வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும், பில் கையில் இருக்கட்டும்.