என் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஒத்துவரும் செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: "நட்ட செடிகள் சில வாரங்களிலேயே வாடிப்போகின்றன. உரம் போடுகிறேன், தண்ணீரும் தவறாமல் விடுகிறேன். என் மண்ணுக்கும் வெயிலுக்கும் எந்தச் செடி ஒத்துவரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பதில்:

தண்ணீர் தவறாமல் விடுகிறேன் என்கிறீர்களே, எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். தண்ணீர் போதாத செடியும் வேர் அழுகிய செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் வாடும். இரண்டிலுமே இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை வாடும்போது தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள். விரலை 5 செ.மீ. ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறியிருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து உள்ளே நூல்மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அப்படி வந்தால் உங்கள் தோட்டத்தில் உரமும் வெயிலும் பிரச்சினை இல்லை, வடிகால்தான் பிரச்சினை.

செடித் தேர்வு என்றாலே பலரும் உரத்தில் ஆரம்பிக்கிறார்கள். உரம் கடைசியில் பார்க்க வேண்டியது. எதை நம்மால் மாற்ற முடியாதோ அதை முதலில் அளந்துவிட்டு, அதற்கு ஒத்துவராத செடிகளை அடித்துக்கொண்டே வர வேண்டும். மிஞ்சுவதில் உங்களுக்குப் பிடித்ததை நடலாம்.

வடிகாலைச் சோதிக்க 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். பக்கச் சுவர் மழமழவென்று இருந்தால் குச்சியால் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் மண்வெட்டி பூசிய களிமண்ணே தண்ணீரைத் தடுத்துவிடும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி முழுக்க வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாவது முறைதான் கணக்கு. காய்ந்த மண் முதல் தடவை ஆசையாகக் குடித்து நம்மை ஏமாற்றிவிடும். நடுவில் ஒரு அளவுகோலை நிறுத்தி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 2.5 முதல் 8 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகள் வரும். 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் வடிகால் மோசம். 10 செ.மீ.க்கு மேல் போனால் தண்ணீரும் சத்தும் நிற்காத மணற்பாங்கான மண். தோட்டத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், ஒரே தோட்டத்துக்குள் இரண்டு விடை வருவது சாதாரணம்.

வடியாத மண்ணில் பப்பாளி, அவகாடோ, முருங்கை, எலுமிச்சை வகைகள், வேம்பு, லாவெண்டர் ஆகியவற்றைத் தரைமட்டத்தில் நடாதீர்கள். பப்பாளியின் வேரைச் சுற்றித் தண்ணீர் இரண்டு நாள் தேங்கி நின்றாலே போதும், மரம் போய்விடும். இங்கே வரக்கூடியவை நாவல், நீர்மருது, கொய்யா, கல்வாழை, சேம்பு. மணற்பாங்கான இடத்துக்கு முந்திரி, தென்னை, முருங்கை, சர்க்கரைவள்ளி, தர்பூசணி, கேரட். "எங்கள் வீட்டில் களிமண்ணில்தான் பப்பாளி காய்க்கிறது" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள் என்று தெரியும். காய்க்கும்தான், சரிவான நிலமாகவோ மேட்டுப்பாத்தியாகவோ இருந்தால். 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டினால் வேரின் பெரும்பகுதி தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே வந்துவிடுகிறது. நான் சொல்வது தரைமட்ட நடவை.

களிமண்ணில் பெரிய குழி தோண்டி, அதில் மணலும் தென்னைநார்க் கழிவும் தொழு உரமும் கலந்து நிரப்பி நடச் சொல்கிற அறிவுரைதான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இது செடியைக் கொல்கிற வேலை. சுற்றிலும் இறுகிய களிமண், நடுவில் பொலபொலவென்ற கலவை. பெய்கிற மழையெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி, வெளியேற வழியின்றி, அடைப்பு வைத்த தொட்டி போல நிற்கும். வேரும் சொகுசான கலவையை விட்டு வெளியே வராமல் அதற்குள்ளேயே சுற்றும். குழியின் ஆழம் வேர்ப்பந்தின் (வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டையின்) உயரம்தான் இருக்க வேண்டும், அகலம் அந்தப் பந்தின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொழு உரத்தைக் குழிக்குள் போடாமல், பாத்தி முழுக்க 5 முதல் 8 செ.மீ. பரப்பி மேல் 15 செ.மீ.யில் கலந்துவிடுங்கள். களிமண்ணை இளக்க மணல் மட்டும் கலப்பதும் வேண்டாம். பாதிக்கு மேல் மணல் சேர்த்தாலொழிய மணல் துகள்களின் இடுக்கைக் களி அடைத்துக்கொண்டு, முன்னைவிட இறுகும்.

மண் எந்த ரகம் என்று தெரிய ஒரு கண்ணாடிச் சீசா போதும். 15 செ.மீ. ஆழத்து மண்ணைக் கல், வேர் நீக்கி மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதிக்குத் தண்ணீரும் ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஓரிரு நாள் கழித்துத் தெளிந்தபின் மேலே தெரிகிற அடுக்கு களி. உயரத்தை அளந்து சதவீதம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து சுண்ணாம்பு. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் பி.எச். சுண்ணாம்பு கூடினால் அதுவும் கூடும். அது 6 முதல் 7 வரை இருந்தால் கவலை இல்லை. 7.5ஐத் தாண்டினால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அடையாளம் சுலபம்: புதுத் தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலை மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, வேறு கதை. இட்லிப்பூ, கார்டினியா, அசேலியா, எலுமிச்சை வகைகள் இதில் முதலில் அடிபடும். மாதுளை, நெல்லி, இலந்தை, அத்தி, அரளி, காகிதப்பூ தாங்கும்.

மண்ணில் குத்தும் மலிவான இரட்டை ஊசி மீட்டரை நம்பாதீர்கள். ஈரம் மாறினால் எண்ணும் மாறும். ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்: தோட்டத்தில் எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோ. அண்மையில் உரம் போட்ட இடத்தில் எடுக்காதீர்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு கரண்டி உலர்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துச் சீறினால் கரையாத சுண்ணாம்பு மண்ணிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

நுரைத்த மண்ணில் "கந்தகம் போட்டால் சரியாகிவிடும்" என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 200 கிலோ. அதில் சுண்ணாம்பு வெறும் 1 சதவீதம் என்றாலும் 2 கிலோ. அதைத் தீர்க்கவே ஏறக்குறைய 640 கிராம் கந்தகம் வேண்டும். 5 சதவீதம் என்றால் 3 கிலோவுக்கு மேல். அவ்வளவையும் கொட்டினால் உப்பேறிச் செடி சாகும். தப்பித் தவறிக் குறைந்தாலும், பாய்ச்சும் கடினநீர் சுண்ணாம்பைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த மண்ணில் இட்லிப்பூ வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள். ஏற்கெனவே தரையில் நிற்கிற மரத்துக்கு இரும்பு கொடுக்க, இரும்பை மண்ணில் சிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்மங்களில் இ.டி.டி.எச்.ஏ. வகை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 6.5ஐத் தாண்டினாலே இரும்பைக் கைவிடத் தொடங்கிவிடும். நுரைக்காத மண்ணில் கந்தகம் வேலை செய்யும், மாதக்கணக்கில் மெதுவாக. அதை நான் மறுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வீடு கட்டுகிறவர்கள் முதல் வேலையாக மேல்மண்ணை வழித்து அள்ளிவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானது அந்த ஒரு சாண் மண். கட்டி முடித்ததும் சிமெண்டுக் கழுவல், செங்கல் உடைசல், பூச்சுக் காரை எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி, மேலே விரலளவு செம்மண்ணைத் தூவி, புல்தரை விரித்துத் தோட்டம் என்று கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் கையில் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வரைபடம் இருக்கும்; மண்ணில் என்ன புதைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி இருக்காது. பிறகு அவர் தனக்குக் கைராசி இல்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப எத்தனை செலவு ஆகிவிடும்? புது வீடு என்றால் சுவரிலிருந்து ஒரு மீட்டர் வரை கடப்பாரையால் குத்திப் பார்த்து, வினிகர் சோதனையை அங்கே தனியாகச் செய்யுங்கள். சுவரோரம் நுரைக்கும், நடுத்தோட்டம் நுரைக்காது என்பது அடிக்கடி நடப்பது.

உப்பு விஷயம் சுருக்கமாக. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகி, காய்ந்த மண்ணின் மேல் வெள்ளை பூத்தால் பாசன நீரையும் சேர்த்துச் சோதியுங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டுவது அதன் மின்கடத்துத்திறன்; அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண். பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி, வெங்காயம் அதற்கு வெகு முன்பே, 1 அளவிலேயே விளைச்சலில் இறங்கத் தொடங்கும். பீட்ரூட் 4 வரை தாங்கும். தென்னை, சப்போட்டா, பூவரசு, பேரீச்சை, அரளி உப்புக்கு அஞ்சாதவை.

வெயில், குளிர் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் பகுதியின் சராசரி வெப்பநிலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு, பூக்கும் பருவத்தின் இரவு வெப்பம். செடி விற்பவர்கள் குறிப்பிடும் அமெரிக்கக் குளிர் மண்டல எண்கள் முதலாவதை மட்டுமே சொல்லும். கோடை வெப்பத்தையோ காற்றின் ஈரத்தையோ சொல்லாது. லாவெண்டர் வெயிலைத் தாங்கும், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அழுகும். தக்காளிச் செடி செழித்து நின்றும் இரவு 24 டிகிரிக்குக் குறையாவிட்டால் பூ உதிரும். அப்போது உரத்தைக் கூட்டினால் இலைதான் பெருகும். ஆப்பிள் வகைகளில் பலவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரக் குளிர் வேண்டும், 'அன்னா' போன்ற வகைக்கு 200, 300 மணி நேரம் போதும். பழத்தின் பெயரைக் கேட்டு வாங்காமல் வகையின் பெயரைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான். வெங்காயத்துக்குப் பகல் நீளம் முக்கியம்: நீண்ட பகல் வகையை 12 மணி நேரப் பகல் உள்ள இடத்தில் விதைத்தால் தாள்தான் வளரும், அடியில் வெங்காயம் திரளாது. சாமந்திக்கு நேர்மாறாக நீண்ட இரவு வேண்டும், தெருவிளக்கு மேலே விழுந்தால்கூட மொட்டு தள்ளிப்போகும்.

முழு வெயில் என்று எழுதியிருந்தால் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில். ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை பார்த்துக் குறியுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். சூரியன் வடக்கும் தெற்கும் நகர்வதால் ஒரு சுவரின் நிழல் தலைகீழாக மாறிவிடும். காலை வெயிலும் மேற்கு வெயிலும் மணிக்கணக்கில் சமமானாலும் செடிக்குச் சமமில்லை. மேற்குச் சுவரோரம் இரவிலும் அனல் அடிக்கும், அங்கே மென்மையான இலைச் செடி வேண்டாம்.

வாங்கும்போது பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு, சின்னதாக, பை துளையில் வேர் சுற்றி வெளியே வராததைப் பாருங்கள். நிழல்வலைக்குள் வளர்ந்தது என்றால் ஒரு வாரம் பத்து நாள் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கிய பிறகு நடுங்கள்.

இப்போதைக்குப் புதுச் செடி எதுவும் வாங்காதீர்கள். குழியில் மணிக்கு எத்தனை செ.மீ. இறங்கியது, வினிகர் எங்கே நுரைத்தது, வாடிய செடியின் வேர் என்ன நிறம், எத்தனை மணி நேர வெயில், குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை என்ன என்ற ஐந்தையும் கீழே எழுதுங்கள். பெயர் சொல்லியே பட்டியல் தருகிறேன்.