மறு: மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் பார்த்த தேக்கு டிராயர் அலமாரி, இழுப்பறை சிக்குகிறது, வாங்கலாமா?

'நூறு வருஷப் பர்மா தேக்கு' என்ற பேச்சை விடுங்கள். இழுப்பறையை முழுசாக உருவித் திருப்பிப் பாருங்கள். பலகைகளைப் பல்லோடு பல் கோத்த மூலைப் பல்லிணைப்பு கையால் வெட்டியதென்றால் பற்கள் கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும். பிளஸ் தலை ஸ்க்ரூ 1930களில்தான் சந்தைக்கு வந்தது; அது இருந்தால் நூறு வருஷக் கதை சந்தேகம்தான். பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம், ஆனால் பேரம் பேச உதவும்.

சிக்குவது பெரிய குறையில்லை. மும்பை மழையில் மரம் ஊதும். இப்போதே இழைத்துவிட்டால் ஜனவரியில் லொடலொடக்கும். இழுப்பறை ஓடும் கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பாருங்கள். கட்டை தேய்ந்து பள்ளமாகியிருந்தால்தான் தச்சர் வேலை.

பின்பலகையைத் தட்டுங்கள். துளைகளிலிருந்து வெளிறிய மாவு புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, வேண்டாம். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முற்றிய மரத்தை, வண்டு லேசில் தொடாது. அப்படியானால் அந்தப் பலகை வேறு மரம், அல்லது தேக்கின் வெளிப்பக்கத்து இளமரமான வெளுப்புக் கட்டை.

மாதுங்கா வீட்டு லிஃப்ட் கதவை அளந்தீர்களா?