100 வேரும் 10,000 சொல்லும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ‘100 லத்தீன் வேர்களைக் கற்றால் போதும், 10,000 ஆங்கிலச் சொற்களின் பொருள் தானே விளங்கும்’ என்று சொல்லி எங்கள் பகுதியில் ஒரு பயிற்சி மையம் 6,000 ரூபாய் கேட்கிறது. சேர்க்கலாமா ஐயா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேர் இருப்பது மெய். ‘தானே விளங்கும்’ என்பதுதான் வியாபாரம்.

‘போர்ட்டாரே’ என்றால் லத்தீனில் சுமப்பது. சுமை தூக்கும் போர்ட்டர், உள்ளே வரும் இம்போர்ட், வெளியே போகும் எக்ஸ்போர்ட் எல்லாம் அதன் வாரிசுகளே. மையத்தின் நோட்டீசிலும் இவையே இருக்கும். வசதியான பிள்ளைகளைத்தானே வாசலில் நிறுத்துவார்கள்! ஸ்போர்ட்டும் அதே குடும்பம்தான். மனத்தை வேலையிலிருந்து வேறு பக்கம் கொண்டுபோவதைக் குறித்த ‘டிஸ்போர்ட்’, தலை தேய்ந்து ஸ்போர்ட் ஆனது. ‘சுமப்பது’ என்று மனப்பாடம் செய்த பெண் அதிலிருந்து கபடிக்கு எப்படி வந்து சேருவாள்?

உங்கள் ஊர்த் துறைமுகமும் ஆங்கிலத்தில் போர்ட்தான். ஆனால் அது ‘போர்ட்டுஸ்’ என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி வந்தது. லத்தீனுக்கும் முந்தைய காலத்தில் இரண்டும் தூரத்துச் சொந்தம்; தேர்வறையில் அந்தச் சொந்தம் கைகொடுக்காது. துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றைச் சொன்ன லத்தீன் சொல்தான் ஆப்பர்சூனிட்டியின் மூலம். பாய்மரக் கப்பல் கரைசேர அந்தக் காற்று வாய்க்க வேண்டும். கடலூர் முதுநகரில் இதை விளக்க ஆசிரியர் தேவையில்லை. எவ்வளவு அழகான பிறப்பு! ஆனால் பொருள் தெரிந்த பிறகுதான் இந்த அழகு தெரிகிறது. வெறும் ‘துறைமுகம்’ என்பதிலிருந்து ‘வாய்ப்பு’ என்று எவராலும் ஊகிக்க முடியாது.

ஒரு நாள் மகளைப் புதுச்சேரிக்கு அழைத்து வாருங்கள். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் ‘ஹோஸ்பெஸ்’ என்ற ஒரே சொல்லின் வழிவந்தவை. விருந்தளிப்பவர், விருந்தினர் இருவருக்குமே லத்தீனில் அதுதான் பெயர். முதலிரண்டும் இடைக்காலத்திலேயே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதால் ‘ஸ்’ தப்பித்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒலியை விட்டுவிட்டார்கள். ஹோட்டல் அதன் பின்னரே கடல் தாண்டியது. பிரெஞ்சில் ஆஸ்பத்திரியைக் குறிக்கும் சொல்லை எழுதும்போது ‘ஓ’வின் மேல் சிறு கூரை போலக் குறி போடுவார்கள். விழுந்துபோன ‘ஸ்’ஸின் நினைவுக்கல் அது, 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி இந்த எழுத்துமுறையைப் பரவலாக ஏற்றது. கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தை ‘ஓட்டல் தெ வீல்’ என்பார்கள். அங்கே அறையும் கிடைக்காது, ஊத்தப்பமும் கிடைக்காது. அது நகராட்சிக் கட்டடம். 2014இல் இடிந்து விழுந்து, மறுபடி எழுப்பப்பட்டது. ஒரே வேர், எத்தனை வீடுகள் பாருங்கள்.

தமிழிலேயே பார்ப்போமே. ‘செய்’ தெரிந்த வெளிநாட்டுக்காரருக்குச் ‘செய்தி’ தானே விளங்கிவிடுமா?

ஆகவே சொற்களை வாக்கியத்தோடு படித்துப் பழகட்டும். தெரிந்த சொற்களை ஒன்றாகக் கட்டிவைக்க வேர் நல்ல கயிறு, சந்தேகமில்லை. சொற்பிறப்புக் குறிப்புள்ள அகராதி ஒன்று வாங்கிக் கொடுங்கள். 6,000 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சும்.

அப்படியும் சேர்ப்பதென்றால், முதலில் அந்த ஆசிரியரிடம் பென், பென்சில், பெனிசிலின் மூன்றில் எவை உறவு என்று கேளுங்கள். பென் என்பது இறகைக் குறித்த ‘பென்னா’விலிருந்து வந்தது. பென்சில், தூரிகையைக் குறித்த ‘பெனிசில்லுஸ்’ வழி வந்தது. நுண்ணோக்கியில் தூரிகை போலத் தெரியும் பூஞ்சைக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். 1928இல் பிளெமிங் கண்ட மருந்துக்குப் பூஞ்சையின் பெயரே வாய்த்தது. பென்னும் பென்சிலும் அண்ணன் தம்பி என்று அவர் சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.